மாத்திரைக்கு எந்தப் பதத்தில் தண்ணீர்?

காலை ஏழரை மணி. ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் ஓர் அடுக்குமாடி வீடு. பக்கவாதம் வந்து நான்கு மாதமான பெரியவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். லால்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பராமரிப்புப் பெண், நான்கு மாத்திரைகளை மடித்த காகிதத்தில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் நசுக்கினாள். கெட்டியாக்கும் பவுடர் போட்ட அரை டம்ளர் தண்ணீரில் பொடியைக் கொட்டிக் கலக்கினாள். இரண்டு நாளாக அவருக்குப் புரையேறுகிறது என்பதால் பவுடர் ஒரு ஸ்பூன் கூடுதல். டம்ளரைச் சாய்த்தால் உள்ளே இருப்பது அசையவில்லை.

ஆறு ஸ்பூன் ஊட்டியதும் பெரியவர் வாயை மூடிக்கொண்டார். "போதும்மா, தொண்டையிலேயே ஒட்டிண்டு நிக்கறது."

"இன்னும் ரெண்டே ரெண்டு வாய் தாத்தா."

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். டம்ளரின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்த மிச்சத்தை அவள் கழுவி ஊற்றினாள். நோட்டில் 'காலை மருந்து கொடுத்தாச்சு' என்று எழுதி டிக் போட்டாள்.

மருந்துப் பட்டியலைச் சரிபார்க்க நான் அன்று அங்கே போயிருந்தேன். அவள் கவனமான பெண், அன்பாகத்தான் ஊட்டினாள். ஆனால் பெரியவர் உடம்புக்குள் எவ்வளவு மருந்து போனது, போனதில் எவ்வளவு வேலை செய்யும் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. கெட்டியாக்கினால் பத்திரம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு கெட்டி, மாத்திரைக்கு அது ஒத்துவருமா என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தக் கட்டுரை அவளுக்காக. வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு வருகிற பெண்கள், பையன்கள், புதிதாக வார்டில் நிற்கும் நர்ஸ்கள், தில்லைநகரிலும் சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியும் மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கும் டி.பார்ம் முடித்த பிள்ளைகள் எல்லோருக்குமாகவும்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரின் பதமும் மருந்துச் சீட்டில் ஒரு வரி. மாத்திரையின் மில்லிகிராமை உங்கள் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க மாட்டீர்கள் அல்லவா? பதத்தையும் அப்படியே நடத்துங்கள்.

வேலைக்குக் குறைவில்லை. 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலிதணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. வாசல் வரை மாத்திரை வந்துவிடுகிறது. வாசலிலிருந்து வயிறு வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

தொண்டையில் நடப்பது

மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள். நாம் விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் வந்தவர்களுக்கு அந்தக் கதவு தாமதமாக மூடலாம், அரைகுறையாக மூடலாம். தண்ணீரோ வேகமாக ஓடும். கதவு மூடுவதற்குள் போய் நின்றுவிடும். கெட்டியான திரவம் மெதுவாக நகர்வதால் கதவுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. கெட்டியாக்கச் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

அளவு மீறிக் கெட்டியானால் வேறு தொல்லை. அதைத் தள்ள நாக்குக்கும் தொண்டைக்கும் பலம் வேண்டும். பலம் குறைந்தவருக்குத் தொண்டைக் குழியில் மிச்சம் தங்கும். பிறகு மூச்சு இழுக்கும்போது அது உள்ளே இறங்கலாம். பெரியவர் "ஒட்டிண்டு நிக்கறது" என்றது இதைத்தான். நோயாளி சொல்லும் அந்த மாதிரி வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய தகவல்.

மாத்திரை சேரும்போது சிக்கல் கூடுகிறது. சாத்தமுது (ரசம்) சாதம் சாப்பிடும்போது சாத்தமுது முன்னால் ஓடிப் பருக்கை பின்னால் நிற்கும் இல்லையா? தண்ணீரோடு முழு மாத்திரையும் அப்படித்தான். தண்ணீர் போய்விடும், மாத்திரை நாக்கின் அடியிலோ கன்னத்திலோ தங்கிவிடும். கொடுத்து முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் இரண்டு பக்கமும் நாக்கின் அடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்செட் போட்டிருந்தால் அதன் அடியிலும்.

வயிற்றில் நடப்பது

மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் முதலில் நீரை உறிஞ்சி உடைய வேண்டும், பிறகு கரைய வேண்டும். கெட்டியாக்கும் பவுடர் செய்வதே நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். மாத்திரைப் பொடியைச் சுற்றி அது ஓர் உறைபோல நின்றால் மருந்து வெளியே வரத் தாமதமாகும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் ஊருக்கு மிகவும் நெருக்கமானது. அவர்கள் எடுத்துக்கொண்ட நான்கு மருந்துகள் அம்லோடிபின், அட்டெனலால், கார்பமசெபின், வார்ஃபரின். முதல் இரண்டும் நம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் எவருக்கும் பழகிய பெயர்கள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, தேன், தயிர், ஜாம், கெட்டியாக்கிய தண்ணீர் ஆகியவற்றில் கலந்து, வயிற்று அமிலம் போன்ற திரவத்தில் கரையவிட்டுப் பார்த்தார்கள். கெட்டியாக்கிய தண்ணீரில் நான்குமே தாமதமாயின. அட்டெனலாலை ஐந்து வகைப் பவுடர்களில் மூன்று பதங்களில் சோதித்தபோது, மிகக் கெட்டியான பதத்தில் ஐந்துமே மருந்தைப் பிடித்து நிறுத்தின. சாந்தன் கம் வகைகள் நடுப் பதத்திலேயே நிறுத்தின. ஆய்வகக் குடுவையில் நடந்த சோதனைதான் இது. மனித வயிறு இதைவிட அதிகம் பிசையும், கலக்கும். ஆனாலும் ஜப்பானில் பவுடர் கலந்த திரவத்தோடு கொடுத்த மக்னீசியம் ஆக்சைடு மாத்திரை உடையாமல் மலத்தில் வெளிவந்ததை மருந்தாளுநர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் செய்தி போதுமானதாக இருந்தது.

ஆகவே, விழுங்கலைச் சோதித்து, அந்த நோயாளிக்குப் பாதுகாப்பு என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன பதத்தில் நில்லுங்கள். பயந்து ஒரு ஸ்பூன் ஏற்றாதீர்கள், இரக்கப்பட்டு ஒரு ஸ்பூன் குறைக்காதீர்கள். புரையேறுவது கூடினால் டாக்டருக்கோ தெரபிஸ்டுக்கோ போன் செய்யுங்கள்.

சிரிஞ்சும் கடிகாரமும்

'மோர் பதம்', 'பாயசப் பதம்' என்று சொல்லிப் புரியவைப்பது எளிது. ஆனால் உங்கள் வீட்டு மோர் வேறு, என் வீட்டு மோர் வேறு. உலகம் இப்போது ஒரே அளவுகோலுக்கு வந்திருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டுக் குழு 0 முதல் 7 வரை நிலைகள் வகுத்திருக்கிறது. பானங்களுக்கு 0 முதல் 4. சாதாத் தண்ணீர் 0. நிலை 4 ஸ்பூனில் நிற்கும் கூழ்.

அளக்கத் தேவை ஒரு 10 மி.லி. சிரிஞ்ச், எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: பூஜ்யக் கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீளம் மாறினால் கணக்கும் மாறிவிடும். உள்தண்டை உருவி எடுத்துவிடுங்கள், ஊசி வேண்டாம். முனையை விரலால் அடைத்து 10 வரை திரவத்தை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து வினாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே மிச்சம் ஒரு மி.லி.க்கும் குறைவானால் நிலை 0. ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை 1. நான்கிலிருந்து எட்டு நிலை 2. எட்டுக்கு மேல், ஆனால் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் நிலை 3. ஒன்றுமே இறங்காவிட்டால் நிலை 4. அதற்குச் சிரிஞ்ச் உதவாது, ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

கட்டி தட்டியிருந்தால் முனை அடைத்துக்கொண்டு பொய் சொல்லும், வடிகட்டுங்கள். கொடுக்கப்போகும் சூட்டிலேயே அளந்து பாருங்கள். பவுடர் பாக்கெட்டில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு அளந்து பாருங்கள். கலக்கியவுடன் இளக்கமாகத் தெரிவது சற்று நேரத்தில் இறுகும். முதல் வாரம் தினமும் அளந்தால் பிறகு ஸ்பூன் கணக்கு கையில் நின்றுவிடும். பவுடர் பிராண்ட் மாறினால் திரும்ப முதலிலிருந்து.

பவுடர் விலை கட்டுப்படியாகாத வீடுகளில் அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ் என்று சமாளிக்கிறார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் கஞ்சி முழுக்க மாவுச்சத்து. ஆறினால் இறுகும், எச்சில் பட்டால் இளகும், ஏனென்றால் எச்சிலிலேயே மாவை உடைக்கும் நொதி இருக்கிறது. ஊட்டிய ஸ்பூனையே கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால், கடைசி வாய் முதல் வாயைவிடத் தண்ணீராக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். ஸ்டார்ச்சில் செய்த பவுடருக்கும் இதே விதி. சாந்தன் கம் வகை எச்சிலுக்கு அவ்வளவாக இளகாது. எது உங்கள் கையில் இருக்கிறது என்று டப்பாவின் பின்புறம் படியுங்கள்.

அப்படிப் படிப்பதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடர் நம் ஊரில் சர்வ சாதாரணம். ஸ்டார்ச்சால் கெட்டியாக்கிய திரவத்தில் அதைப் போட்டால் மொத்தமும் தண்ணீராக இளகிவிடும். பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2021இல் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. கெட்டியாக இருக்கிறது என்று நம்பி ஊட்டுவீர்கள், தொண்டைக்குப் போவது தண்ணீர். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் அன்றே டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

பொடிப்பதற்கு முன்

பொடிப்பதற்கு முன்னால் அட்டையைத் திருப்பி முழுப் பெயரையும் படியுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட், 'ப்ரொலாங்டு ரிலீஸ்' என்று இருந்தால் நாள் முழுக்க மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய மருந்து. பொடித்தால் ஒரே மூச்சில் இறங்கும். இரத்த அழுத்த மருந்தாக இருந்தால் ஆளே சாயலாம். இ.சி., 'காஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்' என்றிருந்தால் வயிற்று அமிலத்தைத் தாண்டிப் போக மேல்பூச்சு போட்டது. அதையும் பொடிக்கக் கூடாது. ஓ.டி. என்பது பல நேரம் ஒரு நாளைக்கு ஒன்று என்ற குறிப்பு, சில நேரம் மெல்ல வெளிவரும் வகை. சந்தேகமானால் கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கமில்லை. புற்றுநோய் மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றின் தூள் உங்கள் மூச்சிலும் கையிலும் படக் கூடாது. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடை உடைத்த நிலையில் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

எலும்புக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் தனிக் கதை. ஒரு முழு டம்ளர் சாதாத் தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டிய மருந்து அது. சாதாத் தண்ணீர் கூடாதவருக்கு அது சீட்டில் இருந்தால், கொடுக்காமல் முதலில் போன். பார்க்கின்சனுக்கான லெவோடோபாவைப் பால் கஞ்சியில் கலக்காதீர்கள். புரதம் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம்.

பொடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன மாத்திரையைக் கூட ஒவ்வொன்றாகப் பொடியுங்கள். அரை டம்ளரில் கலக்காதீர்கள். ஒரு ஸ்பூன் அளவு, சொல்லப்பட்ட பதம், அவ்வளவே போதும். கடைசி வரை உள்ளே போய்விடும், பவுடரோடு மருந்து ஊறிக்கொண்டிருக்கும் நேரமும் குறையும். காகிதத்தில் ஒட்டும் பொடி வீண். மூடியுள்ள பொடிக்கும் டப்பாவையோ சின்னக் கல்வத்தையோ வாங்கித்தரச் சொல்லுங்கள். கிண்ணத்தை அதே பதத் திரவத்தால் அலசி அதையும் ஊட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மாத்திரை இப்போதும் வேண்டுமா, வேறு வடிவம் கிடைக்குமா? நாக்கில் கரைவது, தண்ணீரில் கரைவது, சிரப், தோலில் ஒட்டும் பட்டை என்று பல உண்டு. சிரப்பும் தண்ணீர்போல ஓடக்கூடியதுதான் என்பதை மறக்க வேண்டாம். டாக்டரிடம் பேசும்போது சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், ஐயாவுக்கு நிலை 2 பதம் சொல்லியிருக்காங்க. மெட்ஃபார்மின் எஸ்.ஆர். முழுசா விழுங்க முடியல, பொடிக்கவும் கூடாதுன்னு அட்டையில பாத்தேன். சாதா மாத்திரையா மாத்தித் தர முடியுங்களா?" அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இப்படிக் கேட்ட யாரையும் எந்த டாக்டரும் கடிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

கவுண்டரில் நிற்கும் தம்பிகளுக்கு: மாத்திரையோடு கெட்டியாக்கும் பவுடரும் ஒரே பில்லில் வந்தால் அதுவே ஒரு செய்தி. "யாருக்குங்க? மாத்திரையை எப்படிக் கொடுக்கறீங்க?" என்று இரண்டே கேள்வி. 'பொடிச்சுத்தான்' என்று பதில் வந்தால், அட்டைகளை ஒரு தரம் உங்கள் கண்ணால் ஓட்டுங்கள்.

அண்ணாந்து குடிப்பது

ஸ்ரீரங்கத்து வீடுகளில் இதைப் பேசாமல் முடியாது. எச்சில் படாமல் சொம்பைத் தூக்கி அண்ணாந்து தீர்த்தம் குடிப்பது எழுபது வருடப் பழக்கம். மாத்திரையும் அப்படியே: வாயில் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மேலிருந்து ஊற்றுவது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு இது பெரிய ஆபத்து. தலை பின்னால் சாயும்போது நாக்கு தடுக்க முடியாமல் நீர் நேரே விழுகிறது, மூச்சுக்குழாய் வாசலும் திறந்தபடி இருக்கிறது. அவரிடம் ஆசாரத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அவருக்கென்று தனி டம்ளர், தனி ஸ்பூன் எடுத்துவைக்க வீட்டில் கேளுங்கள். மாமிகள் இதை உடனே புரிந்துகொள்கிறார்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தலை நேராக, முகவாய் சற்றுத் தாழ இருக்கலாமா என்று தெரபிஸ்டிடம் கேட்டு, கொடுத்து முடித்தபின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் பாருங்கள். படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றுவது குழந்தைக்கும் நல்லதல்ல, பெரியவருக்குக் கண்டிப்பாகக் கூடாது.

புரையேறினால் தலையைத் தட்டி "யாரோ நினைச்சுக்கறா" என்று சொல்வது நம் வழக்கம். நீங்கள் மணியைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்: எப்போது, எதைக் குடிக்கும்போது, எந்தப் பதம். குடித்தபின் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோலக் களகளத்தால் நிறுத்திவிடுங்கள். இருமலே வராமல் உள்ளே இறங்குவதும் உண்டு. காரணமில்லாத காய்ச்சலும் வேகமான மூச்சும் அதன் அறிகுறியாகலாம். மூச்சுத் திணறினால் 108.

நோட்டு ஏன் முக்கியம் என்று வைகுண்ட ஏகாதசி நாட்களில் தெரியும். பகல்பத்து, இராப்பத்து என்று கூட்டம் பெருகும்போது நீங்கள் வந்து சேர முடியாமல் வேறொருவர் வருவார். 'கெட்டியா கொடு' என்று எழுதியிருந்தால் அவர் என்ன செய்வார்? 'நிலை 2, 100 மி.லி.க்கு இத்தனை ஸ்பூன், இந்த பிராண்ட்' என்று எழுதியிருந்தால் தப்பாது.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஜெனரல் டூட்டி அசிஸ்டன்ட், ஹோம் ஹெல்த் எய்ட் என்ற குறுகிய பயிற்சிகள் தொடக்கத்துக்குப் போதும். டி.பார்ம் இரண்டு ஆண்டு, பார்ம்.டி. ஆறு ஆண்டு, திருச்சியிலேயே பெரியார் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. விழுங்கலைச் சோதித்துப் பதத்தைத் தீர்மானிக்கும் இடத்துக்கே போக ஆசையிருந்தால் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சு சிகிச்சைப் பட்டப்படிப்பு; பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டு. நம் மாவட்டங்களில் அந்தப் படிப்பு படித்தவர்கள் இன்னும் நிறையத் தேவை. திருச்சி விமான நிலையத்திலிருந்து பராமரிப்பு வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று: பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 2019இலேயே இந்த நிலைக் கணக்குக்கு மாறிவிட்டன. அங்கே 'லெவல் 2' என்றால் தெரிந்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள்.

அடையவளஞ்சான் வீதிக்கு இரண்டு வாரம் கழித்துப் போனேன். பெரியவரின் நான்கு மாத்திரையில் பொடிக்கக் கூடாதவை இரண்டு இருந்தன: மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., பான்டோப்ரசோல். டாக்டர் முதலாவதைச் சாதா மாத்திரையாக இரண்டு வேளைக்குப் பிரித்தார்; இரண்டாவதற்கு நாக்கில் கரையும் லான்சோப்ரசோல். அம்லோடிபினையும் க்ளோபிடோக்ரெலையும் பொடிக்கலாம் என்றார். தெரபிஸ்ட் வந்து பார்த்து நிலை 2 போதும் என்று எழுதியிருந்தார். மேசையில் ஸ்கேல், சிரிஞ்ச், மூடி போட்ட சின்னக் கல்வம். அந்தப் பெண் நோட்டை என்னிடம் நீட்டினாள். அன்றைய பக்கத்தில் இருந்தது:

'காலை 7.40. சிரிஞ்சில் மிச்சம் 6. மாத்திரை ஒவ்வொன்றா ஒரு ஸ்பூன்ல. கிண்ணம் அலசிக் கொடுத்தேன். கன்னம் பாத்தேன், ஒண்ணும் இல்ல. புரையேறல. 8.20 வரைக்கும் உக்காந்திருந்தாங்க, ரேடியோ கேட்டாங்க.'